ஆண்டிபட்டி உண்மையிலேயே அதிமுக கோட்டையா? ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறு

எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நின்று வென்ற ஆண்டிபட்டியை அதிமுகவின் கோட்டை என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படியானால் 2019இலும் 2021இலும் திமுக அங்கே எப்படி வென்றது, கோட்டை இடிந்துவிட்டதா என்பது கேள்வி. இடிந்ததா என்று பார்ப்பதற்கு முன், அது கோட்டையாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். 1977 முதல் 2021 வரை நடந்த 11 பொதுத்தேர்தல்களின் முடிவுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், ஆண்டிபட்டி அவற்றில் 10 முறை மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த கட்சியின் வேட்பாளரையே தேர்ந்தெடுத்திருக்கிறது. 1989இலும் 1996இலும் திமுக ஆட்சிக்கு வந்தபோது ஆண்டிபட்டியும் திமுகவுக்கே போனது. காற்றுக்கு எதிராக அது நின்றது ஒரே ஒரு பொதுத்தேர்தலில்தான். அது எந்தத் தேர்தல் என்பதற்குப் பிறகு வருகிறேன். இரண்டு பெரிய பெயர்கள் சேர்ந்து ஒரு தொகுதிக்குக் கொடுத்த பட்டம்தான் ‘கோட்டை’ என்பது என் கருத்து.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் சாலை கணவாயைக் கடந்து இறங்கியதும் வருகிற ஊர் ஆண்டிபட்டி. ஊருக்கு வடக்கே, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை இருக்கிறது. தெற்கே கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மூல வைகையின் கரையோரமாக ஊர்கள் மலை வரைக்கும் போகின்றன. அணை இருப்பது இங்கே. அதன் தண்ணீரால் பெருமளவு பயன்பெறும் வயல்கள் இருப்பது மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். தொகுதிக்குள் பெரும்பகுதி மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும்தான். ஊரை ஒட்டிய சக்கம்பட்டியில் தறிச் சத்தம் கேட்கும். பிரமலைக் கள்ளர் சமூகத்தவர் கணிசமாக இருக்கிறார்கள் என்பதால் இதை ஒரு சாதிக் கணக்காக மட்டும் படிக்கும் பழக்கம் வெளியூர்க்காரர்களுக்கு உண்டு. நெசவாளர்களும் நாயக்கர்களும் பட்டியல் சாதியினரும் மலையடிவாரத்து விவசாயிகளும் அடங்கிய தொகுதியை அப்படி ஒற்றைக் கணக்கில் அடக்க முடியாது. 1996 வரை இந்தப் பகுதி முழுவதும் மதுரை மாவட்டத்தில் இருந்தது; தேனி மாவட்டம் அதற்குப் பிறகு பிரிந்தது.

1967இலும் 1971இலும் இங்கே வென்றது சுதந்திராக் கட்சி என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1967இல் எஸ். பரமசிவம், 1971இல் என். வி. குருசாமி. முதல் முறை அந்தக் கட்சி திமுக அணியில் இருந்தது. இரண்டாம் முறை ஸ்தாபன காங்கிரசோடு சேர்ந்து திமுகவை எதிர்த்தது. 1971இல் மாநிலமே திமுக பக்கம் சாய்ந்தபோது சுதந்திராக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் மொத்தம் கிடைத்த ஆறு இடங்களில் ஒன்று ஆண்டிபட்டி. எம்.ஜி.ஆர் தனிக்கட்சி தொடங்கியபோது திமுகவுக்கு மாற்றாக ஒன்றைத் தேடும் வாக்காளர்கள் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1977இல் அதிமுகவின் கே. கந்தசாமி வென்றார். 1980 தொடக்கத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்று, ஆட்சியும் கலைக்கப்பட்டு, மே மாதத்தில் எம்.ஜி.ஆர் மீண்டும் மக்களிடம் வந்தபோது இங்கே நிறுத்தப்பட்டவர் எஸ். எஸ். ராஜேந்திரன். சேடப்பட்டியில் பிறந்தவர், 1962இல் பக்கத்துத் தேனித் தொகுதியில் திமுக சார்பில் வென்று, நடிகர் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போகலாம் என்று எம்.ஜி.ஆருக்கும் முன்பே காட்டியவர். இந்தப் பக்கத்து மக்களுக்கு அவர் திரையில் பார்த்த முகம் மட்டுமல்லர், பக்கத்து ஊர்க்காரர். எளிதாக வென்றார்.

1984இல் அந்த இடத்துக்கு எம்.ஜி.ஆரே வந்தார். வந்தார் என்ற சொல் இங்கே பொருந்தாது. அக்டோபர் மாதம் உடல்நலம் குன்றி சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார். வேட்புமனு அங்கிருந்தேதான் வந்தது. அதற்கு முன் அவர் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு என்று தொகுதி மாறிக்கொண்டே வந்தவர் என்பதால், புதுத் தொகுதி என்பது அவருக்குப் பழகிய ஒன்றுதான். ஆனால் தொகுதிக்குள் ஒரு நாளும் கால் வைக்காமல், ஒரு கூட்டத்திலும் பேசாமல் ஒரு முதலமைச்சர் தேர்தலைச் சந்தித்தது அதற்கு முன் இங்கே கேள்விப்படாதது. அவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்று காட்ட, மருத்துவமனையில் எடுத்த படக்காட்சிகளை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். காங்கிரசுடன் கூட்டணி வேறு. டிசம்பர் 24 அன்று நடந்த வாக்குப்பதிவில் எம்.ஜி.ஆருக்கு 60,510 வாக்குகள் விழுந்தன. திமுகவுக்குக் கிடைத்தது 28,026. அதாவது பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒருவருக்கே போனது. 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மூன்றாம் முறையாக முதலமைச்சரான அவர், 1987 டிசம்பர் 24 அன்று, அந்த வாக்குப்பதிவு நடந்து சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து மறைந்தபோதும் ஆண்டிபட்டியின் உறுப்பினராகவே இருந்தார்.

கோட்டை என்ற பட்டத்துக்கு முதல் சோதனை 1989இல் வந்தது. அதில் அந்தப் பட்டம் தேறவில்லை. கட்சி இரண்டாக உடைந்து, ஜெயலலிதா அணிக்குச் சேவல் சின்னமும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா சின்னமும் கிடைத்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த தேர்தல் அது. கணவர் கடைசியாக வென்ற தொகுதி என்ற உரிமையில் ஜானகி அம்மையார் ஆண்டிபட்டியில் நின்றார். ஜெயலலிதா அடுத்த தொகுதியான போடிநாயக்கனூரில் நின்றார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளில் இருவரும் நின்றதால், கட்சியின் வாரிசு யார் என்ற கேள்விக்கு இந்த மாவட்டமே விடை எழுத வேண்டியதாயிற்று. போடியில் ஜெயலலிதா 28,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். அதிமுகவின் வாக்குகள் இரண்டாகப் பிரிந்து நிற்க, திமுகவின் பி. ஆசையன் வென்றார். தாமும் முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரின் மனைவிக்கே, எம்.ஜி.ஆரின் தொகுதி, இலைச் சின்னம் இல்லாதபோது கிடைக்கவில்லை. இந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஜானகி அம்மையார் அரசியலிலிருந்து ஒதுங்கினார், அணிகள் இணைந்தன, இரட்டை இலையும் திரும்பி வந்தது. ஆண்டிபட்டியின் தேர்தல் வரலாற்றில் எம்.ஜி.ஆரின் 1984 வெற்றியைவிட இந்த 1989 தோல்வியே கட்சியின் போக்கை அதிகம் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன். ஆனால் பழைய கதை பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

1991இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வந்த அலையில் அதிமுகவின் கே. தவசி வென்றதும், 1996இல் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்று அதிமுக நான்கே இடங்களில் சுருங்கிய தேர்தலில் ஆசையன் மறுபடியும் வென்றதும் மாநிலத்தின் கதைதான். அவற்றில் ஆண்டிபட்டிக்கென்று தனிக் கதை இல்லை.

தனிக் கதை 2001இல் தொடங்குகிறது. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு தொகுதிகளில் மனுத் தாக்கல் செய்தார். ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஏப்ரல் 24 அன்று மனுக்கள் பரிசீலிக்கப்பட்டபோது, மூன்று மனுக்கள் தண்டனையால் வந்த தகுதியிழப்பைக் காட்டியும், நான்காவது மனு இரண்டு தொகுதிகளுக்கு மேல் தாக்கல் செய்ததைக் காட்டியும் தள்ளுபடி ஆயின. வேட்புமனு தாக்கலின்போது கட்சிகள் பெயருக்கு ஒரு மாற்று வேட்பாளரையும் மனுப் போட வைப்பது வழக்கம். முதன்மை வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் அந்த மனு தானாக விழுந்துவிடும், அந்த ஆளைப் பிறகு யாரும் நினைப்பதில்லை. ஆண்டிபட்டியில் அப்படிப் பெயருக்கு மனுப் போட்டிருந்தவர் தங்க. தமிழ்ச்செல்வன். தலைவியின் மனு தள்ளுபடியான நொடியில் இரட்டை இலைக்கு உரியவர் அவர் ஆனார். மே மாதம் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். தமிழ்நாட்டில் ஒரு மாற்று வேட்பாளரின் மனுவுக்கு இவ்வளவு பின்கதை கிடைத்தது வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

உறுப்பினராக இல்லாமலே மே 14 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. உறுப்பினரல்லாத ஒருவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்ற அரசமைப்புச் சலுகை, உறுப்பினராகும் தகுதியையே இழந்து நிற்பவருக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். பெரியகுளத்தின் உறுப்பினரான ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்ததும் வழி திறந்தது. தமிழ்ச்செல்வன் தம் இடத்தைத் துறந்தார். பிறகு அவருக்கு மாநிலங்களவை இடம் கிடைத்தது. 2002 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா 78,437 வாக்குகளும் திமுகவின் வைகை சேகர் 37,236 வாக்குகளும் பெற்றனர்; வித்தியாசம் 41,201. மார்ச் 2 அன்று அவர் மீண்டும் முதலமைச்சரானார். முதலமைச்சர் நாற்காலி பெரியகுளத்திலிருந்து ஆண்டிபட்டிக்கு, அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளுக்குள்ளேயே கைமாறியது.

ஏன் ஆண்டிபட்டி? எம்.ஜி.ஆர் நின்ற இடம் என்பது மேடையில் சொல்லத் தகுந்த காரணம். அதைவிட வலுவான காரணம், 1999 முதல் பெரியகுளம் நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினராக இருந்த டி. டி. வி. தினகரன் இந்தப் பகுதியின் ஒன்றியம், கிளைக் கழகம் வரை கட்சி அமைப்பைத் தம் கையில் வைத்திருந்தது. முதலமைச்சராகப் போகிறவர் நிற்கிறார் என்று தெரிந்த இடைத்தேர்தல் வேறு. அப்படிப்பட்ட தேர்தலில் ஆளுங்கட்சி தோற்பது நம் ஊரில் மிக அரிது. எனவே 41,201 என்ற எண்ணைத் தொகுதியின் இயல்பான பலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த எண்ணைவிட எனக்குப் பொருள் மிகுந்ததாகத் தோன்றுவது 2006இல் கிடைத்த 25,186 என்ற எண். முன்னே சொன்ன ஒரே விதிவிலக்கு இந்தத் தேர்தல்தான். ஆட்சி திமுகவுக்குப் போனது, ஆண்டிபட்டி போகவில்லை. ஜெயலலிதாவுக்கு 73,927, திமுக வேட்பாளர் சீமானுக்கு 48,741. (இவர் ஆண்டிபட்டிக்காரர், இன்று எல்லாருக்கும் தெரிந்த சீமான் அல்லர்.) வித்தியாசம் குறைந்தாலும், எதிர்க்காற்றில் கிடைத்த வாக்கு என்பதால் இதைத்தான் இரட்டை இலையின் உண்மையான அடித்தளம் என்று சொல்வேன். ஐந்து ஆண்டுகள் எதிர்க்கட்சித் தலைவரின் தொகுதியாக இருந்துவிட்டு, 2011இல் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போனதும், ஆண்டிபட்டி மறுபடி தங்க. தமிழ்ச்செல்வனிடம் வந்தது.

இடையில் 2008இல் நடந்த தொகுதி மறுவரையறையில் தேனி சட்டமன்றத் தொகுதி மறைந்து, பெரியகுளம் நாடாளுமன்றத் தொகுதி தேனி என்று பெயர் மாறி, ஆண்டிபட்டியின் எல்லையும் மாறியது. ஆகவே 2006இன் எண்களையும் 2011இன் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, அதிமுக இத்தனை ஆயிரம் வளர்ந்தது என்று சொல்வது தவறு. 2011க்குப் பிறகு வந்த தேர்தல்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

2011இல் தமிழ்ச்செல்வன் 91,721, திமுகவின் எல். மூக்கையா 70,690. 2016இல் அதே இருவர்: 1,03,129க்கு 72,933. கூட்டணிகள் மாறின, வாக்காளர் எண்ணிக்கை கூடியது. திமுகவின் வாக்கு மட்டும் 70,000க்குச் சற்று மேலேயே நின்றது. பிறகு ஜெயலலிதா மறைந்தார். கட்சி உடைந்தபோது தமிழ்ச்செல்வன் தினகரன் பக்கம் போனார். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு சொல்லி, மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்த பிறகு, 2019 ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. திமுக நிறுத்தியது ஆ. மகாராஜனை, அதிமுக நிறுத்தியது அவருடைய தம்பி லோகிராஜனை. ஒரே வீட்டின் அண்ணன் தம்பி இருவரும் எதிரெதிரே கைகூப்பி வாக்குக் கேட்ட தேர்தல். மூன்றாவதாக, தினகரன் தொடங்கிய அமமுக நின்றது.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 இரவு, ஆண்டிபட்டியில் அமமுக தேர்தல் அலுவலகம் இயங்கிய கட்டடத்தில் சோதனை நடந்தது. தடுக்க முயன்ற கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை வானை நோக்கிச் சுட்டது. 1.48 கோடி ரூபாய் பிடிபட்டதாக வருமான வரித்துறை அறிவித்தது. பணம் 94 பொட்டலங்களில் இருந்ததாகவும், ஒவ்வொன்றின் மேலும் வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கு எழுதப்பட்டிருந்ததாகவும் அந்த அறிவிப்பு சொன்னது. அதே நாளில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் பணப்பட்டுவாடா காரணமாக ரத்தானது; ஆண்டிபட்டித் தேர்தல் ரத்தாகவில்லை.

முடிவு: மகாராஜன் 87,079, லோகிராஜன் 74,756. அமமுகவுக்குச் சுமார் 28,000. அதிமுக, அமமுக இரண்டின் வாக்கையும் கூட்டினால் சுமார் 1,03,000 வருகிறது. 2016இல் தமிழ்ச்செல்வன் தனியாக வாங்கியதும் ஏறத்தாழ அதே அளவுதான். இரட்டை இலையின் பழைய வாக்கு எங்கும் போகவில்லை, உடைந்து இரண்டு இடத்தில் கிடந்தது என்று இதை வைத்துப் பலர் சொன்னார்கள். யார் வாக்கு யாருக்குப் போனது என்பதை வாக்குப் பெட்டி சொல்லாது என்றாலும், பெருமளவு சரியான வாதம்தான். ஆனால் அது பாதி விடை. திமுக 2016இல் வாங்கிய 72,933இலேயே நின்றிருந்தால், உடைந்துபோன அதிமுகவின் 74,756இடம்கூட அது தோற்றிருக்கும். 1,800 வாக்குகளில் தோற்றிருக்கும். திமுகவுக்குப் புதிதாக 14,000க்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்ததால்தான் அது அதைத் தாண்டியது. 2016இல் தனி அணியாக நின்ற மதிமுக, இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் ஆகியோர் 2019இல் அதன் கூட்டணிக்கு வந்ததும், ஆட்சியின் மீதிருந்த அதிருப்தியும் அந்த வாக்குகளைக் கொடுத்தன. அதிமுகவின் உடைவு, திமுகவின் வளர்ச்சி ஆகிய இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் ஆண்டிபட்டி கைமாறியிருக்காது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதே நாளில் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் வென்றது அதிமுகவின் ஓ. ப. ரவீந்திரநாத், மாநிலம் முழுவதிலும் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் அது. அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல்களில் திமுக வென்றது. ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள், ஒரே நாளில், இருவேறு கட்சிகளுக்கு வெற்றி கொடுத்த வாக்காளர்களைக் கோட்டைக் கணக்கில் எந்தப் பக்கம் சேர்ப்பது?

2021இல் அண்ணன் தம்பி மறுபடியும் மோதினார்கள். மகாராஜன் 93,541, லோகிராஜன் 85,003. வித்தியாசம் 8,538, அமமுக இம்முறை வாங்கியது ஏறத்தாழ 12,000. பிரிவினை மறுபடி வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தது என்றாலும், திமுகவின் வாக்கு 2019இன் உயரத்தையும் தாண்டிப் போயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 70,000இல் தேங்கி நின்ற பழைய திமுக இல்லை அது.

தங்க. தமிழ்ச்செல்வன் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் அமமுக வேட்பாளராக நின்று 1,44,050 வாக்குகளோடு மூன்றாமிடம் வந்தவர், சில வாரங்களிலேயே திமுகவில் சேர்ந்தார். 2021இல் போடியில் பன்னீர்செல்வத்திடம் 11,021 வாக்குகளில் தோற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேனியில் திமுக வேட்பாளராக நின்றார்; எதிரே நின்றவர் தினகரன். பெயருக்கு இரட்டை இலைக்கு மனுப் போட்டு உறுப்பினரானவர், அதே இலைக்காக இரண்டு முறை முழுமையாக வென்றவர், அதே ஆண்டிபட்டித் தெருக்களில் உதயசூரியனுக்கு வாக்குக் கேட்டு, தம்மைத் தகுதிநீக்கம் வரை அழைத்துச் சென்ற பழைய தலைவரை 2,78,825 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.